காத்தமுத்து வீட்டுக் கதவு

“கூதல் வந்தா மொதல்ல கதவை…” என்று காத்தமுத்துவின் பெரியப்பா சொல்வார். கதவை என்ன செய்யச் சொன்னார் என்பது மட்டும் காத்தமுத்துவுக்கு மறந்துவிட்டது. ஞாபகமிருந்த பாதியை வைத்துக்கொண்டே மலைமேலிருக்கும் கூதக்காட்டில் அறுபத்தெட்டு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

அவர் மனைவி ராக்கம்மாவுக்கு மார்கழி பிறந்தால் போதும், நெஞ்சுக்குள் விசில் ஊத ஆரம்பித்துவிடும். இந்த வருஷம் விசிலோடு காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. ராத்திரியெல்லாம் அவள் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்துப் பார்த்துக் காத்தமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் ஜீப்பில் ஓர் அதிகாரியம்மா வந்து இறங்கினார். அறுபது தாண்டியவர்களுக்கு அரசாங்கம் ரூம் ஹீட்டர் கொடுக்கிறதாம், வைத்தியச் செலவையும் ஏற்றுக்கொள்கிறதாம்.

“வியாழக்கிழமை வந்து வீட்டுக்குள்ள அளந்து பார்ப்பேன். பன்னிரண்டு டிகிரிக்குக் கீழ இருந்தாத்தான் ஹீட்டர். சரியா பெரியவரே?”

“சரிங்கம்மா” என்றார் காத்தமுத்து. ஜீப் வளைவு திரும்பியதும் பக்கத்து வீட்டு வெள்ளைக்கண்ணுவையும் எதிர்வீட்டு மொக்கராசுவையும் அவசரமாகக் கூப்பிட்டார். வீட்டைக் குளிர வைக்க நாலே நாள்தான் இருந்தது.

“குளிர் எங்க இருக்கு? வெளிய இருக்கு” என்றார் மொக்கராசு. மூவரில் யோசிக்கிறவர் என்று பேரெடுத்தவர். “உள்ள வரவிடாம மறிக்கிறது யாரு?”

மூவரும் கதவைப் பார்த்தார்கள். பெரியப்பா சொல்ல வந்தது இதுதான் என்று காத்தமுத்துவுக்குப் பளிச்சென்று விளங்கியது. அரைமணி நேரத்தில் கதவு கழன்று வாசலில் கிடந்தது.

“இப்படிக் கிடந்தா ஆகாது மாமா” என்றார் வெள்ளைக்கண்ணு. “கதவுதான் இருக்கே, எடுத்து மாட்டிக்க வேண்டியதுதானேன்னு அந்தம்மா கேட்டுப்புட்டா?”

நியாயமான கேள்வி. கதவைப் பிளந்து விறகாக்கி, வெள்ளைக்கண்ணு வீட்டு அடுப்பங்கரையில் அடுக்கினார்கள்.

மொக்கராசு திரும்பி வந்து ராக்கம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“அக்காவுக்கு அனலாக் கொதிக்குது. இந்தச் சூட்டை உள்ள வச்சுக்கிட்டு வீடு எப்படி மச்சான் குளிரும்?”

“அதுக்கு?”

“வியாழக்கிழமை வரைக்கும் அக்கா வேற எங்கயாவது இருக்கட்டும்.”

“ஹீட்டரு எனக்குத்தானே வருது?” என்றாள் ராக்கம்மா, இரண்டு மூச்சுக்கு நடுவே.

“உனக்குத்தான் தாயி. அதனாலதான் உன்னை வெளிய அனுப்புறோம்” என்றார் காத்தமுத்து. போர்வையைச் சுற்றி, கைத்தாங்கலாக அவளை வெள்ளைக்கண்ணு வீட்டு அடுப்பங்கரைக்குக் கொண்டுபோய் விட்டார். தன் உடம்புச் சூடும் கணக்கில் வந்துவிடக் கூடாதென்று தானும் மாட்டுத்தொழுவத்தில் படுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை அதிகாரியம்மா வந்து அளந்தார். நாலு டிகிரி. மூவரும் ஒருவரையொருவர் பெருமையாகப் பார்த்துக்கொண்டார்கள்.

“மேலத்தெருவுல கதவெல்லாம் சாத்தியிருந்தும் ஒன்பதுதான் காட்டுச்சு. அதுவே போதும்” என்றவர், வாசல் நிலையைப் பார்த்துவிட்டு நின்றார். “இங்க கதவு எங்க?”

“உங்களுக்காகத்தாம்மா எடுத்தோம்.”

அவர் பையிலிருந்து மாத்திரையை எடுத்தபடி சொன்னார்: “ஹீட்டர் வர்றதுக்குள்ள கதவைப் போட்டுருங்க. கதவைச் சாத்தாம ஹீட்டரைப் போடவே கூடாது. அப்புறம், இந்த மாத்திரை அம்மாவுக்கு. மூச்சிரைச்சா ஒண்ணு குடுங்க.”

இங்கேதான் ஒரு சிக்கல். நாலு நாள் கதவெரிந்த சூட்டில் ராக்கம்மாவுக்குக் காய்ச்சல் விட்டு, விசிலும் நின்றிருந்தது.

“இரைச்சாத்தான் குடுக்கணும்னாங்க. இரைக்கலையே” என்று கவலைப்பட்டார் காத்தமுத்து.

“அரசாங்க மாத்திரை, வீணாகக் கூடாது” என்றார் மொக்கராசு. “அக்கா ஒருதரம் கோயில் மேட்டுக்கு ஓடி ஏறி இறங்கட்டும்.”

“நீ ஏறுடா. இரைச்சா நீயே தின்னு” என்றாள் ராக்கம்மா. மொக்கராசு ஏறினார். மாத்திரை வீணாகவில்லை.

அடுத்த வாரம் வேனில் ஹீட்டர் வந்தது. நாலு பக்கமும் நல்ல பலகை அடித்த, ஆள் உயரப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியை உடைத்து ஹீட்டரை வெளியே எடுத்து, சந்தனப் பொட்டு வைத்தார்கள். கதவு இல்லாததால் அதைப் போடவில்லை. சொன்ன சொல்லை மீறுகிற வழக்கம் கூதக்காட்டில் கிடையாது.

அன்று சாயங்காலம் வெள்ளைக்கண்ணு வீட்டு அடுப்பில் கதவின் கடைசித் துண்டும் எரிந்து முடிந்தது. மழையில் காட்டு விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. ராக்கம்மாவின் நெஞ்சில் மறுபடி மெல்ல விசில் கிளம்பியது. காத்தமுத்து ஓடிப்போய்ப் பெட்டிப் பலகைகளை அள்ளிவந்து ஒவ்வொன்றாக அடுப்பில் வைத்தார். அறை கதகதத்தது. விசில் அடங்கியது.

“அரசாங்கம் குடுத்த பொருள்னா பொருள்தான். என்ன சூடு பாரு!” என்றார் வெள்ளைக்கண்ணு, எரிகிற பெட்டியைப் பார்த்து.

ராக்கம்மா நிதானமாகக் கேட்டாள்: “அந்தப் பலகையில ஒரு கதவு செஞ்சிருக்கலாமே?”

மூவரும் அடுப்பைப் பார்த்தார்கள். கடைசிப் பலகை அப்போதுதான் பிடித்துக்கொண்டிருந்தது.

மொக்கராசு சொன்னார்: “இன்னொரு ஹீட்டர் கேட்டா இன்னொரு பெட்டி வரும். அதுல கதவு செஞ்சு, இந்த ஹீட்டரைப் போட்டுக்கலாம்.”

“குடுப்பாங்களா?”

“வீடு குளிரா இருந்தாக் குடுப்பாங்க. ஆனா ஒண்ணு மச்சான், இப்ப உங்க வீட்டுல ஹீட்டர் இருக்கு. ஹீட்டர் இருக்கிற வீடு நாலு டிகிரின்னா யாரும் நம்பமாட்டாங்க. அதுக்கும் கீழ போகணும்.”

காத்தமுத்து ராக்கம்மாவைப் பார்த்தார். அவள் போர்வைக்குள் சத்தமில்லாமல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து வாசலுக்கு வந்து தன் வீட்டை மேலும் கீழுமாக ஒருமுறை நோட்டம் விட்டார்.

பொழுது விடிந்ததும் கூரைத் தகரத்தைக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்தார்.