ஏரிக் கல்லில் ஒரு சாண் இடம்

வேங்கைநாடு என்று ஒரு நாடு முன்னொரு காலத்தில் இருந்தது. அதை இளஞ்சேந்தன் என்று ஒரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் காலையில் சொன்னதை மாலையில் மாற்றுவான். பத்து மாதக் குழந்தையாக இருந்தபோதே தகப்பன் போரில் செத்துப்போக, தொட்டிலில் வைத்தே அவனுக்கு முடிசூட்டினார்கள். அவன் வளரும்வரை பதினாறு வருஷம் நாட்டை ஆண்டது அவன் தாய். பெரிய ஏரியை வெட்டியதும் அவள்தான்.

அவள் சொல்லச் சொல்ல ஓலை எழுதியவள் காரிநங்கை. அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகியும் காரிநங்கைக்குத் துக்கம் ஆறவில்லை. எழுத்தாணியைக் கையில் எடுத்தால் அந்தக் குரல் காதில் கேட்கும்.

ஒருநாள் ஏரிக்கரையில் கல்வெட்டு வைக்க ராஜா ஆசைப்பட்டான். அவைப்புலவர் வில்வநாதர் தயாராக ஒரு பாட்டோடு வந்தார். காரிநங்கையைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஒரு பெண்பிள்ளை ஓலை வாசிக்க, சபை கேட்கிறதே என்று வயிறெரிந்தவர் அவர்.

"இரண்டாம் ஆட்சியாண்டில் நம் அரசர் தம் திருக்கரத்தால் மண்வெட்டி பிடித்து, இந்த ஏரியைத் தாமே வெட்டினார்," என்று ராகம் போட்டு முடித்தார்.

ராஜா மீசையைத் தடவிக்கொண்டான். காரிநங்கைக்குப் பொறுக்கவில்லை. "அரசே, ஏரி வெட்டியது உங்கள் தாயார்."

"பெண் வெட்டிய ஏரி என்று கல்லில் போட்டால் பகைவர்கள் சிரிப்பார்கள்," என்றார் புலவர்.

ராஜாவுக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. "காரிநங்கை, புலவர் வாயாலேயே அதை ஒப்புக்கொள்ள வை. செய்தால் கேட்டதைத் தருகிறேன். தவறினால் உன் எழுத்தாணி புலவருக்கு."

அந்த எழுத்தாணி ராஜமாதா கொடுத்தது. காரிநங்கை உள்ளே போனாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் ஆள் உயர மண்வெட்டி. மறுகையில் சின்னதாக ஒரு நடைவண்டி. சக்கரம் தேய்ந்து, பிடியில் பல் பதிந்து கிடந்தது.

"புலவரே, இரண்டாம் ஆட்சியாண்டில் அரசருக்கு வயது என்ன?"

புலவர் விரலை மடக்கிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. "இரண்டு."

"அப்போது அரசர் பிடித்தது இதுதான். பிடியைக் கடித்து வைத்திருக்கிறார், பாருங்கள். ஒரு கையில் நடைவண்டி, மறு கையில் மண்வெட்டி. சரி, பாலைக் குடித்துவிட்டு வெட்டினாரா, வெட்டிவிட்டுக் குடித்தாரா?"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. ராஜாவும் சிரித்தான்.

"தாயார்தான் வெட்டினார்," என்று புலவர் முணுமுணுத்தார்.

"உரக்கச் சொல்லும்," என்றான் ராஜா. சொன்னார். "இனி ஒரு மாதம் ஏரிக்கரையில் மண் சுமந்து, ஏரி எப்படி வெட்டுவார்கள் என்று தெரிந்துகொண்டு வாரும்." பிறகு காரிநங்கையிடம் திரும்பினான். "என்ன வேண்டும், கேள்."

"கல்லில் அம்மையாரின் பெயர்."

"அவ்வளவுதானா? எழுது."

அவள் 'புவனமாதேவியார்' என்று எழுதி நீட்டினாள். ஓலையை வாங்கிய கல்தச்சன் சாத்தன் ராஜாவைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"எந்தப் புவனமாதேவிங்க? போன மாசம் கோயில் விளக்குத்தண்டுல இதே பேரைத்தான் வெட்டினேன். அது இப்ப இருக்கிற தேவியாரு. எங்கப்பா காலத்துல வெட்டினது உங்க பாட்டியாரு. இந்த வீட்டுக்கு வாழ வந்த மகராசிங்க எல்லாருக்கும் இதுதானே பேரு? அவங்கவங்க சொந்தப் பேரைச் சொன்னா நல்லாருக்கும்."

ராஜா வாயைத் திறந்தான். அம்மா என்பதைத் தவிர அவனுக்கு வேறு பெயர் தெரியவில்லை. சபையைப் பார்த்தான். சபை காரிநங்கையைப் பார்த்தது.

பதினாறு வருஷம் அந்தப் பட்டப்பெயரை ஆயிரம் ஓலையில் எழுதியவள் அவள். ஒருநாளும் சொந்தப் பெயரைக் கேட்கவில்லை. ஏரி வெட்டிய காலத்தில், ஈரக் கரையில் அந்த அம்மாள் குச்சியால் ஏதோ எழுதியது நினைவுக்கு வந்தது. "என்ன தாயே அது?" என்று கேட்டதற்கு, "பழைய சொல் ஒன்று, நங்கை," என்று காலால் அழித்துவிட்டாள். அன்று கொஞ்சம் குனிந்து படித்திருக்கக் கூடாதா? எல்லாரையும் மடக்கிய வாய், அன்று இன்னொரு கேள்வி கேட்கவில்லையே என்று சபை நடுவிலேயே அழுதாள்.

ராஜா ஆள் அனுப்பினான். அந்த அம்மாள் பிறந்த மலைக்கோட்டை எப்போதோ எரிந்து, சனங்கள் சிதறிப் போயிருந்தார்கள். கல்யாணப் பல்லக்குத் தூக்கிய கிழவர் ஒருவர் மட்டும் அகப்பட்டார். "பேரு தெரியாது சாமி. வழி நெடுக அழுதுக்கிட்டே வந்தாங்க. அது தெரியும்."

கல்லில் என்ன போடுவது என்று சாத்தன் மறுபடி வந்து நின்றான். "ஏரி வெட்டியவர் என்று வெட்டு. பெயருக்கு ஒரு சாண் இடம் விடு," என்றான் ராஜா.

அப்படியே எழுந்து, காரிநங்கையை ஓலையோடு வரச்சொல்லி, ராணியின் மாளிகைக்குப் போனான். ராணி எழுந்து நின்றாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம்.

"உன் பெயர் என்ன?"

"புவனமாதேவி," என்றாள், சிரித்துக்கொண்டே.

"அதற்கு முன்னால்?"

சிரிப்பு நின்றது. அவள் காரிநங்கையைப் பார்த்தாள், ஓலையைப் பார்த்தாள். அவளுக்கே அது நாக்கில் வர நேரம் பிடித்தது.

"கொற்றி. வீட்டில் கொற்றி என்பார்கள்."

காரிநங்கை எழுதினாள். எழுத்தாணி அழுந்தி, முதல் எழுத்திலேயே ஓலை கிழிந்தது. வேறு ஓலை எடுத்தாள்.

"ஒரு தடவை கூப்பிடுங்களேன்," என்றாள் ராணி.

"கொற்றி," என்றான் ராஜா.

"இதோ வந்துட்டேன்," என்றாள் அவள், அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டு.