மூங்கில் புதரில் வந்த நாற்றம்

மலை மடத்துச் சீடர் மாசிலாமணி சொட்டச் சொட்ட நனைந்தபடி ஓடி வந்தார். ஐம்பத்தைந்து வயது ஆளுக்குப் பல் தந்தியடித்தது.

"அம்மா, சடையன் செத்துட்டான்! நான்தான் கொன்னேன்!"

குரு வெள்ளையம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். மூன்று நாள் அடிவாரத்தில் இருந்துவிட்டு அப்போதுதான் மலையேறி வந்திருந்தார். தோள் மூட்டையைக் கீழே வைத்தார்.

மாசிலாமணி அழுதுகொண்டே சொன்னார். குரு கிளம்பிப் போன அன்று, மடத்தில் கூட இருக்கும் சீடன் சடையன் கஞ்சியில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டான். "எங்கயாவது போய்ச் செத்துத் தொலை" என்று இவர் கத்தினார். சடையன் ரோஷக்காரன். கொட்டும் மழையில் காட்டுக்குள் இறங்கியவன் திரும்பவே இல்லை.

"உடம்பைப் பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா? மூங்கில் புதர்ப் பக்கம் பிண நாத்தம் அடிக்குது. ஈ மொய்க்குது. நேரே ஓடைக்கு ஓடித் தலைமுழுகிட்டேன்."

"கிட்டப் போகாமலே தலைமுழுகிட்டீங்களா?"

மூக்குக்கு இருந்த துணிச்சல் காலுக்கு இல்லை என்று அவர் எப்படிச் சொல்வார்?

இருவரும் போனார்கள். நாற்றம் முகத்தில் அறைந்தது. மாசிலாமணி துண்டால் மூக்கைப் பொத்தி, கண்ணையும் இறுக மூடிக்கொண்டார். குரு குனிந்து சருகை விலக்கினார்.

"கண்ணைத் திறங்க."

ஒரு சாண் உயரத்தில் வெள்ளைத் தண்டு. அதைச் சுற்றி வலைப் பாவாடை. தலையில் கரும்பச்சைக் குழம்பு, அதில் ஈக்கள். அடியில் முட்டை போல ஓர் உறை கிழிந்து கிடந்தது.

மாசிலாமணி மூக்கிலிருந்து துண்டை எடுத்தார்.

"இது என்னம்மா கண்றாவி?"

"காளான். மழைக்கு அந்த உறையைக் கிழிச்சுக்கிட்டு வரும். நாத்தம் ஈயைக் கூப்பிட. இந்தக் குழம்புல இருக்கிற வித்து ஈ கால்ல ஒட்டிக்கிட்டுப் போய் வேற இடத்துல முளைக்கும்."

அவர் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"வெறும் காளான்! அப்பாடா, நான் யாரையும் கொல்லல. வாங்கம்மா, மடத்துக்குப் போகலாம். குளிர் தாங்கல."

குரு நகரவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காட்டின் உள்பக்கம் பார்த்தார்.

"சரி, சடையன் எங்க?"