தீக்குச்சி கிழிக்காதவர்

“ஒரு தீக்குச்சிகூட நான் கிழிக்கவில்லை, தாயே. என் மேல் மிரட்டல் வழக்குப் போட்டிருக்கிறார்கள்.”

தணிகாசலத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. செங்கல் சூளை வைத்திருக்கிறார். குரு வெள்ளையம்மை அவரைவிட இருபது வயது இளையவள். ஆற்றங்கரை மடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“என்ன சொன்னீர்கள்?”

“சூளைக்கு லாரி போக வழி வேண்டும். குறுக்கே பச்சையம்மாளின் மனை. கேட்டுப் பார்த்தேன், தரவில்லை. ‘பிள்ளைகளோடு வைத்து வீட்டைக் கொளுத்திவிடுவேன்’ என்றேன். கோபத்தில் வந்த வார்த்தை. அவள் அண்ணன் போய் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டான்.”

“பிறகு?”

“பிறகென்ன? இருபது நாளாக நான் அந்தப் பக்கமே போகவில்லை. செய்தால்தானே குற்றம்? வெறும் பேச்சுக்கா வழக்கு?”

குரு கீரையைக் கீழே வைத்தாள். கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

“அவள் வீட்டைக் காட்டுங்கள்.”

தெருவுக்குள் நுழைந்ததும், கட்டிலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். ஒருத்தி பிள்ளையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

“ஏன் எழுந்து நிற்கிறார்கள்?”

“மரியாதை, தாயே.”

ஐப்பசி மழை தூறத் தொடங்கியது.

தெருக் கோடியில் பச்சையம்மாளின் வீடு. நான்கு மண்சுவர். மேலே வானம். ஓலை இல்லை, மூங்கில் கழிகூட இல்லை. சுவரெல்லாம் கரைந்து வழிந்திருந்தது. மூலையில் இரண்டு பிள்ளைகள், ஓர் அலுமினிய அண்டாவைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தபடி.

தணிகாசலம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

குரு உள்ளே போனாள்.

“கூரையைப் பிரித்தது யாரம்மா?”

“நாந்தாம்மா.” சுவரோரம் குந்தியிருந்த பச்சையம்மாள் தலை நிமிராமல் சொன்னாள். “அன்னிக்கே பிரிச்சு ஆத்துல வுட்டுட்டேன். அடுப்பும் பத்தவைக்கறதில்ல. அண்ணன் வூட்லருந்து சோறு வருது.”

“எதற்கு?”

அப்போதுதான் பச்சையம்மாள் வாசலில் நிற்பவரைப் பார்த்தாள். தடுமாறி எழுந்து, பிள்ளைகளை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். கைகளைக் கூப்பினாள்.

“ஐயா, எரியறதுக்கு இங்க ஒண்ணும் இல்லீங்க. பாத்துக்குங்க. ஒண்ணுமே இல்லீங்க.”

மழை வலுத்தது.

தணிகாசலம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

சின்னவள் அண்டாவை விட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.