நுனி உடைந்த கிழங்கு

“கெழங்கைப் பிரிச்சா ஒரு கை வெளிய போகோணும், இல்லாட்டி...”

குழந்தைவேலின் அப்பா இப்படி ஏதோ சொல்வார். இல்லாட்டி என்ன ஆகும் என்பது அவனுக்கு மறந்துவிட்டது. வெளிநாட்டில் கழித்த வருடங்களில் எங்கேயோ உதிர்ந்துபோன பாதி அது. நினைவிருந்த பாதியை அம்மணியிடம் சொன்னான்.

“அந்தப் பாதியைத் தேடி வரலீங்க அம்மணி,” என்றான். “தம்பி கெழங்குல ஒரு கை கேக்கறான். குடுக்க மாட்டேன்னுட்டேன். சொன்னதுலருந்து சோறு எறங்கலை. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

அம்மணிக்கு அவனைவிட வயது குறைவு. கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தவர், ஒருநாள், ‘போதும்’ என்று எழுந்து வந்துவிட்டார். தாராபுரத்துக்குத் தெற்கே ஓர் ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். மனசு ஓரிடத்தில் நிற்காதவர்கள் அங்கே போவார்கள். பாதிப்பேர் திட்டு வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். மறுபடியும் போவார்கள்.

அன்று அவர் தொட்டி மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தார்.

“என்ன கெழங்கு?”

“கண்வலிக் கெழங்குங்க. அப்பா வெச்சது.”

வேலியைப் பற்றி ஏறி, சிவப்பும் மஞ்சளுமாக விரல் விரித்துப் பூக்கிற கொடி. மண்ணுக்கடியில் அதன் கிழங்கு கலப்பை மாதிரி இரண்டு கையாகக் கிடக்கும். அப்பா போனபின் வீட்டுக்கு நடுவே சுவர் எழுந்தது. கொடி குழந்தைவேலின் பக்கம் நின்றுவிட்டது.

“தம்பி என்ன பண்ணினார்?”

“அப்பா படுத்துட்டார்னு ஒரு போன் இல்லீங்க. நான் வந்தப்ப சாம்பல்தான் இருந்துது. கேட்டா, அப்பாதான் சொல்லவேண்டாம்னாருங்கறான். பக்கத்துல இருந்தவன் என்ன வேணா சொல்லலாம். செத்தவர் எந்திரிச்சு வந்து இல்லைங்கப் போறாரா?”

அம்மணி சல்லடையைத் தட்டினார்.

“அதே வாயில, ‘அண்ணா, ஒரு கை குடுங்க’ன்னு கேக்கறான். வெக்கமில்லாம.”

“கெழங்கைத் தோண்டிக் கொண்டாங்க.”

“குடுக்கறதுக்கா?”

“கொண்டாங்கன்னுதான் சொன்னேன்.”

*

ஆனி மாதம். கொடி காய்ந்து சருகாகி, கிழங்கு மண்ணுக்குள் தூங்குகிற காலம்.

குழந்தைவேல் கடப்பாரையை எடுத்தான். முதல் குத்திலேயே சுவருக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது.

“அண்ணா.”

அவன் அடுத்த குத்துக்குக் கடப்பாரையைத் தூக்கினான்.

“கடப்பாரை வேண்டாங்ணா. கையில நோண்டுங்க. நுனி போயிரும்.”

அப்பாவைப் பற்றிச் சொல்ல வாய் வராதவன், கிழங்கைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டான். குழந்தைவேலுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. கடப்பாரையை ஓங்கி இறக்கினான்.

உள்ளே எதுவோ மளுக்கென்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் மெல்ல விலகிப் போனது.

*

அம்மணி கிழங்கைக் கழுவி ஒரு தட்டில் வைத்தார். ஒரு கை தடிமனாக, நீளமாக இருந்தது. மற்றது ஒல்லி, சுண்டுவிரல் மாதிரி. இரண்டும் சேருகிற இடத்தில், காய்ந்த வெங்காயத் தோல்போல் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

“கடப்பாரையில தோண்டினீங்களா?”

“ஆமாங்க. சுவருக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு அவன் கையில நோண்டச் சொன்னான். அதுக்காகவே கடப்பாரையை விடலை.”

அம்மணி அந்தத் தோலைக் கிள்ளி அவன் உள்ளங்கையில் வைத்தார்.

“இந்தாங்க. உங்கப்பா வெச்சதுன்னு சொன்னீங்களே.”

“இதா?”

“இதுகூட இல்லை. இது போன வருஷத்துக் கெழங்கு. தன்கிட்ட இருந்ததை எல்லாம் இந்த ரெண்டு கைக்கும் குடுத்துட்டு இப்படி ஆயிருச்சு. வருஷா வருஷம் அப்படித்தான். உங்கப்பா கை பட்டது எப்பவோ மண்ணாப் போச்சு.”

குழந்தைவேல் அதைக் கீழே போடவும் இல்லை, வைத்திருக்கவும் விரும்பவில்லை.

“கையைக் கழுவிட்டு உக்காருங்க. விஷக் கெழங்கு.”

“எனக்குள்ள இருக்கறதை விடவா?”

“அதுக்கு இது கொஞ்சம் கம்மிதான்.”

அவன் கழுவிவிட்டு வந்தான். அம்மணி இரண்டு கைகளையும் பட்டென்று பிரித்தார். ஒல்லியின் நுனியில் ஒரு வெள்ளை முளை, அரிசி மாதிரி. தடித்ததன் நுனியில் எதுவும் இல்லை. உடைந்த இடம் மட்டும் மாவாகத் தெரிந்தது.

“ஒரு கைக்கு ஒரு கண்ணுதான். நுனியில. அது போச்சுன்னா அவ்வளவுதான். ஆடி மழைக்கும் எந்திரிக்காது. ஆனா சீக்கிரம் அழுகாது. உள்ள கெட்டியா அப்படியே கெடக்கும். மேல இருக்கறவனுக்குத் தெரியாது.”

குழந்தைவேல் சிரித்தான். வெகுநாளைக்குப் பிறகு.

“இதையே குடுத்தர்றேங்க. கேட்டான், குடுத்தாச்சு. அதுவும் பெரிய கை. ஊர்ல ஒருத்தன் என்னைக் குத்தம் சொல்ல முடியாது.”

“சரி.”

அம்மணி தடித்த கையைப் பழைய பேப்பரில் சுற்றினார். வாழைநாரில் கட்டினார். ஒல்லிக்கும் அப்படியே ஒரு பொட்டலம். இரண்டையும் அவன் முன் தள்ளினார்.

“கட்டு நல்லா இருக்கா? பாத்தா ஆசையாக் குடுத்த மாதிரி இருக்கோணும்.”

அவன் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு வேலிப் படலைத் திறந்தான். வெளியே போனான். திரும்பி வந்தான்.

“ஏனுங்க என்னைத் தடுக்கலை?”

“என் வேலியிலயா பூக்கப்போகுது?”

“நான் பண்றது சின்னத்தனம்னு ஒரு வார்த்தை சொல்லலாமில்லீங்க.”

“உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்றதுக்கு நான் எதுக்கு?”

குழந்தைவேல் வாசல் கல்லில் உட்கார்ந்தான். கோபம் இப்போது அம்மணிமேல் இருந்தது. அது தம்பிமேல் இருந்ததைவிட வசதியாக இருந்தது.

“ஆடி பொறந்ததும் நடுவார்,” என்றார் அம்மணி, சல்லடையைக் கையில் எடுத்தபடி. “மொளைக்காது. என்ன பண்ணுவார் உங்க தம்பி?”

“என்ன பண்ணுவான். தண்ணி ஊத்துவான்.”

“அப்பறமும் மொளைக்கலைன்னா?”

“ஊத்திட்டே இருப்பான்.”

“கடப்பாரைச் சத்தத்தைக் கேட்டவர்தானே. நுனி போனது தெரியாதா?”

“தெரியும். தெரிஞ்சாலும் ஊத்துவான். எங்கிட்ட வந்து கேக்க மாட்டான். யாருகிட்டயும் சொல்ல மாட்டான். சின்ன வயசுலருந்தே அப்படித்தான். சொல்லாதேன்னு ஒருத்தர் ஒரு தடவை சொல்லிட்டாப் போதும், அடிச்சுக் கொன்னாலும் வாயைத் தெறக்...”

நிறுத்திவிட்டான்.

அம்மணி மண்ணைச் சலித்தார். கற்கள் மேலே தங்கின. மண் கீழே இறங்கியது.

அவன் குரல் மறுபடி வந்தது. கோபம் போயிருக்கவில்லை. யார்மேல் என்பதுதான் அதில் தெளிவாக இல்லை.

“அப்பவும் எங்கிட்ட அவன் சொல்லியிருக்கோணும்.”

“ஆமா,” என்றார் அம்மணி. “சொல்லியிருக்கோணும்.”

அவர் அப்படிச் சொல்வார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு நீட்டிய கை காற்றில் நின்றதுபோல் இருந்தது.

“ஒரு கை வெளிய போகோணும், இல்லாட்டி...” அம்மணி சல்லடையை நிறுத்தினார். “இல்லாட்டி என்ன?”

“அதான் மறந்துபோச்சுங்களே. உங்களுக்குத் தெரிஞ்சாச் சொல்லுங்க.”

“நான் எங்க இருந்தேன்? உங்கப்பா அதைச் சொன்னப்பெல்லாம் கூட யாரு இருந்தா?”

குழந்தைவேல் பொட்டலங்களைப் பார்த்தான்.

அம்மணி சலித்த மண்ணை அள்ளிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அவன் நார்க்கட்டுகளைப் பிரித்துப் பார்த்தான். நுனி உடைந்த கையைத் தன் பைக்குள் போட்டான். முளை இருந்ததை மறுபடி சுற்றிக் கையில் எடுத்தான்.

சுவர்மேல் நீட்டாமல், தெருவைச் சுற்றிப் போய், தம்பி வீட்டு முன்வாசலில் நின்று கூப்பிட்டுக் கொடுப்பதென்றும், அப்பா சொன்னதில் மீதி என்ன என்று கேட்பதென்றும் முடிவு செய்தான்.