புத்தகத்தில் உள்ள பந்து

மைதானத்துக் குழாயடியில் குழந்தைத் துணி அலசிக்கொண்டிருந்த பேச்சியைக் கிரிக்கெட் அணித் தேர்வாளர் சற்குணம் கூப்பிட்டார். இடக்கையால் மட்டை பிடிப்பாள், வலக்கையால் பந்தைக் கன்னாபின்னாவென்று திருப்புவாள் அவள்.

"இந்தக் கோணங்கித்தனம் மாநில அணிக்கு ஆகாதும்மா. புத்தகத்துல உள்ளபடி ஒரே பந்து போடு. நான் அவுட்டானா உனக்கு இடம். இல்லேன்னா நடையைக் கட்டு."

"சரிங்க சார்."

நேராகத்தான் போட்டாள். இவளாவது சொன்னபடி கேட்பதாவது, பந்து திரும்பத்தான் போகிறது என்று அவர் ஒதுங்கி மட்டையை வீச, நடு ஸ்டம்பு சாய்ந்தது.

"ஏன் திரும்பலை?"

"நீங்கதானே சார் புத்தகப் பந்து கேட்டீங்க."

அவர் பட்டியலில் அவள் பெயரை எழுதிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கோணப் பந்தை எப்படித்தான் போடுறே?"

"அதுவா சார், பெருவிரலை மடக்கி, அப்படியே..."

"ஏ பேச்சி, புள்ள அழுவுது," என்று மாமியார் கூப்பிட, அவள் ஓடிவிட்டாள்.