சிங்கமும் நாவல் மரத்தடிச் சபையும்

பெருமரக் காட்டைக் கோளரி என்ற சிங்கம் ஆண்டுவந்தது. காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. கோடை வந்தால் காடு முழுவதற்கும் அந்த ஒரு குளம்தான். அதன் கரையில் யாரும் யாரையும் வேட்டையாடக் கூடாது என்பது பழைய வழக்கம். அதைச் சிங்கமும் மீறியதில்லை. ஆனால் குளத்தில் யார் எப்போது இறங்கலாம் என்பதைச் சிங்கம் மட்டுமே சொல்லும்.

“முதலில் நான் குடிப்பேன். பிறகு குளிப்பேன். பிறகு கொஞ்சம் புரளுவேன். மிச்சம் உங்களுக்கு!” என்றது கோளரி.

மிச்சம் என்பது பெரும்பாலும் சேறுதான்.

ஒரு கோடையில் மலைக்கு அப்பாலிருந்து செந்நாய்க் கூட்டம் ஒன்று குளத்தைப் பிடிக்கக் கிளம்பி வந்தது. சிங்கம் ஒன்றே ஒன்று. செந்நாய்களோ ஏராளம். கோளரி எல்லா விலங்குகளையும் நாவல் மரத்தடிக்கு அழைத்தது.

“என் குளத்துக்கு ஆபத்து! எல்லோரும் சண்டைக்கு வாருங்கள்!”

நிதானி என்ற ஆமை மெல்லத் தலையை நீட்டியது. அது ஒரு பேச்சைத் தொடங்கி முடிப்பதற்குள் கேட்பவர்களில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அன்று மட்டும் சுருக்கமாகப் பேசியது.

“அரசே, குளம் உங்களுடையது என்றால் சண்டையும் உங்களுடையதுதானே?”

கோளரிக்குக் கோபம் வந்தது. அந்த நேரம் பார்த்து மலைப்பக்கம் ஊளை கேட்டது. கோபம் போய்விட்டது.

“சரி, உங்களுக்கு என்ன வேண்டும்?”

“குளத்தைப் பற்றி எந்த முடிவு எடுத்தாலும் எங்களைக் கேட்க வேண்டும்.”

“அவ்வளவுதானா? கோடைதோறும் இந்த மரத்தடியில் சபை கூடிப் பேசுங்கள். நான் கேட்கிறேன்!”

விலங்குகள் சேர்ந்து நின்றன. யானை பிளிறியது. காட்டெருமைகள் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தன. செந்நாய்கள் வந்த வழியே ஓடின.

அடுத்த கோடையில் சபை கூடியது. மான் பேசியது. முயல் பேசியது. நிதானி பேசி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கோளரி கொட்டாவி விட்டபடி எல்லாவற்றையும் கேட்டது. பிறகு நேராகப் போய்க் குளத்தில் விழுந்து புரண்டது.

“அரசே! கேட்பதாகச் சொன்னீர்களே!” என்றது மான்.

“கேட்டேனே! கேட்பதாகத்தானே சொன்னேன்? செய்வதாகவா சொன்னேன்?”

விலங்குகள் ஏமாந்து போயின. ஆனாலும் கோடைதோறும் கூடுவதை நிறுத்தவில்லை. பேசிப் பழகிய வாயை மூடுவது அவ்வளவு எளிதல்ல.

கோளரிக்குப் பிறகு அதன் மகன் உருமன் அரசனானது. உருமனுக்குக் கேட்கிற பொறுமைகூட இல்லை.

“இனி யாரும் சபை கூடக் கூடாது!” என்று கட்டளையிட்டது. யாராவது கூடிவிடுவார்களோ என்று நாவல் மரத்தடியிலேயே படுத்துத் தூங்கவும் தொடங்கியது.

அந்த வருடம் மழை பொய்த்தது. குளத்தின் ஓரமெல்லாம் வற்றி, நடுவில் மட்டும் கொஞ்சம் நீர் மின்னியது. உருமன் வழக்கம்போலக் கரையிலிருந்து ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. நீரில் விழவில்லை, சேற்றில் விழுந்தது. கால்கள் நான்கும் புதைந்தன. உதற உதற இன்னும் ஆழமாகப் போனது.

“யானையே! என்னைத் தூக்கு! இது அரச கட்டளை!”

யானை காதை ஆட்டிக்கொண்டே சொன்னது: “தூக்கலாம், அரசே. ஆனால் நான் இறங்கினால் இருக்கிற நீரும் கலங்கிவிடுமே! அது எல்லோருடைய குடிநீர். சபைதான் முடிவு செய்ய வேண்டும்.”

“அப்படியானால் சபையைக் கூட்டு!”

“கூடக் கூடாது என்பது தங்கள் கட்டளை ஆயிற்றே!”

“இப்போது கூடலாம் என்கிறேன்!”

நிதானி கரையோரமாக ஊர்ந்து வந்தது. “இன்றைக்கு மட்டுமா, அரசே? என்றைக்குமா?”

சேறு மார்பைத் தொட்டது. “என்றைக்கும்!”

“சபை சொல்வதைக் கேட்பீர்களா? அல்லது… கேட்டு… அதன்படி…”

சேறு தாடையைத் தொட்டது. “அதன்படி நடப்பேன்! கொஞ்சம் வேகமாகப் பேசேன், நிதானி!”

சபை குளக்கரையிலேயே கூடியது.

“மூழ்கட்டும், விடுங்கள்!” என்றது காட்டுப்பன்றி.

“நாளைக்குச் செந்நாய்கள் வந்தால் நீ கர்ஜிப்பாயா?” என்று கேட்டது மான்.

பன்றி ஒருமுறை உறுமிப் பார்த்தது. யாரும் பயப்படவில்லை. உருமனைக் காப்பாற்றுவது என்று முடிவாயிற்று. யானை தும்பிக்கையால் அதைத் தூக்கிக் கரையில் போட்டது. அன்றிலிருந்து சபையின் அனுமதி இல்லாமல் சிங்கமும் குளத்தில் இறங்குவதில்லை.

தலைமுறைகள் போயின. ஒரு சிங்கம் மேய்ச்சல் நிலத்தைப் பங்கிடும் வேலையைச் சபையிடம் விட்டது. இன்னொரு சிங்கம் தண்டனை கொடுக்கும் உரிமையை விட்டது. அதற்கடுத்த சிங்கம் எதையும் விடமாட்டேன் என்று முரண்டு பிடித்தது. யாரும் அதனோடு பேசவில்லை. சலித்துப்போய் அதுவும் விட்டது.

கடைசியாகப் பூம்பிடரி என்ற சாதுவான சிங்கம் அரசனானது. அதற்கு ஒரே ஒரு வேலைதான் மிச்சமிருந்தது. அது கர்ஜித்தால் சபை கூட வேண்டும். கர்ஜித்தபின் சொல்ல வேண்டிய ஆணையைக்கூடச் சபைத் தலைவனான சொல்வளவன் என்ற நரிதான் சொல்லிக்கொடுக்கும்.

“நரியே, இன்று நான் என்ன ஆணையிடுகிறேன்?”

“மான்கள் கிழக்குக் கரையில் நீர் குடிக்க வேண்டும் என்று ஆணையிடுகிறீர்கள், அரசே!”

“ஓ, அப்படியா! நல்ல ஆணையாக இருக்கிறதே!”

ஒருநாள் சொல்வளவன் சபையில் எழுந்து நின்றது. “எதற்கெடுத்தாலும் எல்லோரும் கூடுவது வீண் அலைச்சல்! உங்களுக்காக நானே யோசித்துவிடுகிறேனே!”

அப்போதுதான், இத்தனை தலைமுறைகளைக் கண்டும் உயிரோடிருந்த நிதானி தன் பேச்சைத் தொடங்கியிருந்தது. அதிலிருந்து தப்பித்தால் போதும் என்று எல்லா விலங்குகளும் நரிக்குத் தலையாட்டின.

அடுத்த கோடையில் நிழல் விழும் கரை நரிகளுக்கு என்றாயிற்று. மான்கள் உச்சிவெயிலில்தான் வரலாம் என்றாயிற்று. பிறகு, “மான்களுக்கு நாளைக்கு!” என்றாயிற்று. மறுநாளும் அதே பேச்சுத்தான்.

செம்புள்ளி என்ற பெண்மான் நாக்கு வறண்ட தன் குட்டியோடு கரைக்கு வந்தது. “இது யார் எடுத்த முடிவு?”

“சபையின் முடிவு!” என்றது நரி.

“சபை கூடவே இல்லையே!”

“நான் இருக்கிறேனே! இனி நான்தான் சபை!”

செம்புள்ளி பூம்பிடரியிடம் ஓடியது. “அரசே, நரியை விரட்டுங்கள்! குளத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் தடுக்க மாட்டோம்!”

இப்படி ஒரு வார்த்தையைப் பூம்பிடரியின் அப்பாவோ தாத்தாவோ கேட்டதில்லை. அதன் நகங்கள் தாமாகவே வெளியே வந்தன. அதைக் கண்டதும் மான்குட்டி நடுங்கித் தாயின் பின்னால் ஒளிந்தது.

சிங்கம் அந்தக் குட்டியைப் பார்த்தது. வெட்கத்தோடு நகங்களை உள்ளே இழுத்துக்கொண்டது.

“நான் விரட்டினால் குளம் கை மாறும். அவ்வளவுதான். எனக்கென்று இருப்பது ஒரு கர்ஜனை. அதைச் செய்கிறேன்” என்று நாவல் மரத்தை நோக்கி நடந்தது.

நரி பதறிக்கொண்டு ஓடிவந்தது. “அரசே! இன்றைக்கு ஆணை எதுவும் நான் சொல்லித்தரவில்லையே!”

“வேண்டாம். ஒரே சொல்தான். எனக்கே தெரியும்” என்ற பூம்பிடரி, காடு அதிரக் கர்ஜித்தது. “கூடுங்கள்!”

யானை வந்தது. பன்றி வந்தது. முயல்கள் வந்தன. நிதானி வந்து சேரும்வரை எல்லாம் காத்திருந்தன. செம்புள்ளி நடந்ததைச் சொன்னது. நரி அதைவிட அழகாகப் பேசியது. ஆனால் மான்குட்டியின் உதட்டு வெடிப்பை எல்லா விலங்குகளும் பார்த்தன. நரியின் தலைமை போயிற்று. இனி தலைவன் யாரானாலும் அடுத்த கோடைவரைதான் என்றும், சபை கூடாமல் எந்த முடிவும் செல்லாது என்றும் தீர்மானமாயிற்று.

மான்குட்டி வயிறு முட்டக் குடித்தது. பன்றிக்குப் பின்னால் பூம்பிடரி தன் முறைக்காகக் காத்து நின்றது. வரிசையின் கடைசியில் சொல்வளவன்.

“இந்த வரிசையைப் பற்றி நான் ஓர் உரை ஆற்றலாமா?” என்றது நரி.

“தாராளமாக! ஆனால் நின்ற இடத்திலிருந்தே ஆற்று!” என்றது யானை.

அதிகாரம் ஒருவர் கையில் இருந்தாலும் சரி, ஊரார் கையில் இருந்தாலும் சரி, ‘யாரைக் கேட்டுச் செய்தாய்?’ என்று கேட்க ஆளில்லாவிட்டால் அது தவறாமல் தடம் மாறும்.