இரண்டாவது பொட்டலம்

இதை முறையாகச் சொல்ல வருமா என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லிவிடுவேன். அதைவிடப் பெரிய பயம், என் பக்கம் கொஞ்சம் நியாயம் சேர்த்துவிடுவேனோ என்பது. நடந்ததை நடந்தபடி சொல்லப் பார்க்கிறேன்.

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் சாலையில் அருள்மொழி அக்காவின் நாற்றுப்பண்ணை இருக்கிறது. அக்கா என்னைவிட ஒன்பது வயது இளையவர். ஆனாலும் எல்லோருக்கும் அக்காதான். வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் அங்கே போவோம். மனதில் ஏதாவது அடைத்துக்கொண்டிருந்தால் அக்காவிடம் கேட்போம். அக்கா உடனே பதில் சொல்ல மாட்டார். களை பிடுங்கச் சொல்வார். இல்லாவிட்டால் நாற்றுப் பைகளில் மண் நிரப்பச் சொல்வார். சிலருக்கு வேலை முடியும்போது கேள்வியே மறந்துபோகும். எனக்கு எதுவும் மறக்காது.

அந்த வெள்ளிக்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்பே, என் மகள் தாரிணியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு இரண்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று சிங்கப்பூர். கம்ப்யூட்டரில் தகவல்களை ஆராய்கிற படிப்பு. இன்னொன்று ஜெர்மனி. மண்ணைப் பற்றிய படிப்பு. திங்கட்கிழமைக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சம்மதம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் இரண்டும் கைவிட்டுப் போய்விடும்.

சிங்கப்பூரில் என் கொழுந்தனார் குடும்பம் இருக்கிறது. திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரம். ஜெர்மனியில் எங்களுக்கு ஒருவரும் இல்லை. வீட்டுக்காரர், "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க" என்று ஒதுங்கிவிட்டார்.

அக்கா பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "எதுக்குப் போகட்டும் அக்கா?" என்று கேட்டேன்.

"போறது யாரு?"

"இவதான்."

"கேக்கிறது?"

"நான்."

தாரிணி சிரித்தாள். "வீட்டுலயும் இப்படித்தான் அக்கா. மூணு வாரமா அம்மாதான் வெளிநாடு போய்ட்டுப் போய்ட்டு வர்றாங்க."

அக்கா அவளைப் பார்த்தார். "உனக்கு எது பிடிச்சிருக்கு?"

தாரிணி என் முகத்தைப் பார்த்தாள். "ரெண்டும் நல்லதுதான் அக்கா."

என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிற பதில் அது. எனக்கே அது தெரியும். தெரியாததுபோல இருந்தேன்.

"மண்ணைப் படிக்க ஜெர்மனிக்கா போகணும்? இந்தா கிடக்குதுல்ல மண்ணு" என்றேன்.

"நீ முப்பது வருஷமா இந்த மண்ணுலதான் நடக்கிற. மாடியில வச்ச தக்காளி ஏன் வருஷா வருஷம் பட்டுப்போகுதுன்னு தெரியுமா உனக்கு?" என்றாள் தாரிணி.

"ரெண்டும் நல்லதுன்னு இப்பத்தான சொன்ன. அதுக்குள்ள எதுக்குட்டி சண்டை?"

"சண்டை இல்லம்மா. மண்ணுக்காக ஒரு வார்த்தை சொன்னேன்."

அக்கா அடுத்த பையை எடுத்தார்.

நான் வீட்டிலேயே நினைத்து வைத்திருந்ததைச் சொன்னேன். "பூக்கட்டிப் பாத்துருவோம் அக்கா. நீங்க எடுங்க."

எங்கள் பக்கத்தில் முடிவு தெரியாதபோது இப்படிச் செய்வோம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டிச் சாமி முன்னால் வைப்போம். ஒருவர் அதில் ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சிங்கப்பூர், சிவப்பு வந்தால் ஜெர்மனி என்று பேசிக்கொண்டோம். நாளைக்கு அவளுக்கு அங்கே ஒத்துவராவிட்டால், அம்மா சொல்லித்தான் போனேன் என்ற பேச்சு வராது. சாமி சொன்னதாக இருக்கும்.

"உனக்குச் சம்மதமா?" என்று அக்கா தாரிணியைக் கேட்டார்.

"அம்மாவுக்கு நிம்மதின்னா சரி."

"அப்ப கட்டுங்க, செண்பகம்."

அக்கா மண் நிரப்பும் இடத்துக்கு எதிரே அரளிச் செடிகள் வரிசையாக நிற்கின்றன. வெள்ளையும் உண்டு, சிவப்பும் உண்டு. தடவிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்பதால் அரளிதான் இதற்கு நல்லது. நான் போய்ப் பறித்தேன். முதுகைத் திருப்பி உட்கார்ந்து, வாழையிலைத் துண்டுகளில் மடித்து, நாரால் கட்டினேன். பண்ணையில் ஒரு சின்னப் பிள்ளையார் இருக்கிறார். அவர் முன்னால் இரண்டு பொட்டலங்களையும் வைத்துக் கும்பிட்டேன்.

இரண்டிலும் வெள்ளைப் பூவைத்தான் வைத்திருந்தேன்.

பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளை ஒரு காய்ச்சலில் படுத்தால் கஞ்சி கொடுக்க ஆள் இருக்கிற ஊருக்கு அனுப்புவது தப்பா என்றும் கேட்டேன்.

"எடுங்க அக்கா."

"வெயில் ஏறுது. கடைசி வரிசைக் கன்றுகளுக்குத் தண்ணி ஊத்திட்டு வாங்க. எடுக்கலாம்."

கடைசி வரிசை தூரம். பூவாளியை நாலு முறை நிரப்ப வேண்டியிருந்தது. நான் திரும்பி வந்தபோது தாரிணி பிள்ளையார் பக்கத்தில் நின்றிருந்தாள். அக்கா விட்ட இடத்திலேயே உட்கார்ந்து பை நிரப்பிக்கொண்டிருந்தார். எழுந்து கை கழுவினார். ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

நான் முடிச்சைப் பார்த்தேன். எதைக் கட்டினாலும் இரட்டை முடிச்சுப் போடுவது என் வழக்கம். அந்தப் பொட்டலத்தில், ஷூவுக்குக் கட்டுவதுபோல இரண்டு காது வைத்த முடிச்சு இருந்தது.

அக்கா ஒரு காதைப் பிடித்து இழுத்தார். இலை பிரிந்தது. சிவப்பு அரளி.

"ஜெர்மனி" என்றார்.

நான் கட்டியது இரண்டு வெள்ளை. சிவப்பு வந்திருக்கிறது என்றால் தாரிணி பிரித்திருக்கிறாள். பிரித்தவள் உள்ளே இருந்த இரண்டு வெள்ளையையும் பார்த்திருப்பாள். அவள் பக்கம் திரும்பினேன். அவள் பிள்ளையாரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இது நான் வைத்த பூ இல்லை என்று சொன்னால், நீங்கள் வைத்தது என்ன என்று அக்கா கேட்பார்.

அக்கா இரண்டாவது பொட்டலத்தைக் கையில் எடுத்தார். அதிலும் அதே காது முடிச்சு. "இதையும் பிரிச்சுப் பாத்துருவோமா?"

"வேண்டாம்" என்றேன்.

"வேண்டாம் அக்கா" என்றாள் தாரிணி.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

அக்கா பொட்டலத்தை என் உள்ளங்கையில் வைத்தார். "அப்ப நீங்களே வச்சுக்கோங்க."

பஸ்ஸில் தாரிணி கேட்டாள். "ஜெர்மனிக்கே எழுதிரவாம்மா?"

"பூ சொல்லிருச்சே."

"பூ சொன்னது இருக்கட்டும். நீ சொல்லு."

நான் மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொட்டலம் அதற்குள் இருந்தது. பஸ் இலஞ்சி விலக்கு நிறுத்தத்தைத் தாண்டியது.

"கம்பளிச் சட்டை எல்லாம் தென்காசியில நல்லதா கிடைக்காது. மதுரைக்குத்தான் போகணும்" என்றேன்.

அன்று மதியமே அவள் எழுதிவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பொட்டலத்தைச் சாமி அலமாரியில் வைத்தேன். அங்கே இருப்பது கூசியது. பீரோவில் வைத்தேன். துணி எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் பட்டது. கோதுமை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். இலை காய்ந்து சுருண்டது. முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது.

அதற்குள் வெள்ளை இருந்தால், தாரிணி ஒன்றை மட்டும் மாற்றி வைத்திருக்கிறாள். நான் செய்த தப்பைச் சரிசெய்துவிட்டு, எது வந்தாலும் வரட்டும் என்று நின்றிருக்கிறாள். திருட்டுத்தனம் எனக்கு மட்டும்தான். சிவப்பு இருந்தால், அவளும் என்னைப் போலத்தான் செய்திருக்கிறாள். என் பிள்ளை என்னைப் போலவே இருக்கட்டும் என்று ஒரு நேரம் தோன்றும். இருக்கவே கூடாது என்று அடுத்த நேரம் தோன்றும்.

அவள் வழக்கம்போலத்தான் இருந்தாள். தோசைக்குச் சட்னி போதவில்லை என்றாள். பெட்டிக்குப் பூட்டு வாங்க வேண்டும் என்றாள். ஜெர்மன் மொழியில் எண்கள் சொல்லிக் காட்டி என்னையும் சொல்லச் சொன்னாள். நான் நாலைத் தப்பாகச் சொன்னதற்கு ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள். அரளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். அக்கா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். அங்கிருந்து பார்த்தால் அரளிச் செடிகள் நேராகத் தெரிகின்றன. பறிக்கிற கையும் தெரியும். கையில் இருக்கிற பூவின் நிறமும் தெரியும்.

அன்றைக்கு நான் பறித்ததையும் அக்கா பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற அனுப்பியிருக்கிறார்.

இருந்தும் கேட்டேன். அவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

"அக்கா, நான் தண்ணி ஊத்தப் போனப்ப தாரிணி அரளிப் பக்கம் வந்தாளா?"

"வந்தா."

"எத்தனை சிவப்பு பறிச்சா? ஒண்ணா, ரெண்டா?"

அக்கா ஒரு கட்டு நாற்றுப் பைகளை என் பக்கம் தள்ளினார். நான் நிரப்பினேன். கட்டு முடிந்தது. மற்ற பெண்கள் வந்து களை எடுக்கப் போனார்கள். எனக்குக் கேள்வி மறக்கவில்லை.

"எத்தனை அக்கா?"

"நீங்க என்ன கட்டி வச்சீங்கன்னு அவளுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"ஒரு வாரம் ஆச்சு. வாயைத் திறந்தாளா?"

"இல்லை."

அக்கா கையில் இருந்த பையைத் தட்டி மண்ணை இறக்கினார். "அவளே திறக்கலை. நான் திறக்கணுமா?"

பொட்டலம் என் மடியில் இருந்தது. ஒரு காதைப் பிடித்து இழுத்தால் போதும்.

அந்தக் காது முடிச்சின் மேலேயே என் இரட்டை முடிச்சைப் போட்டேன். எழுந்து பின்பக்கத்து எருக்குழிக்குப் போய் அதைப் போட்டேன். மேலே இரண்டு கை மண் அள்ளிப் போட்டேன். பாதி தூரம் வந்த பிறகு, வருகிற வெள்ளிக்கிழமை வந்து தோண்டிவிடுவேனோ என்று பயம் வந்தது. திரும்பிப் போய் ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு வந்தேன்.